ஊருக்கு ஒரு பீரு, பீருக்கு ஒரு வரி

வெளிநாட்டுல இருக்கேன்னு தெரிஞ்சா நம்ம பசங்க சம்பளம் எவ்ளோன்னு கேப்பாங்கன்னு நெனைக்கிறீங்க, அது ரெண்டாவது கேள்வி. மொத கேள்வி "அங்க பீர் எவ்ளோ மச்சி"தான். சொன்னதும் மனசுக்குள்ளயே ரூபாய்க்கு மாத்திப்பான், மாத்தி முடிச்சதும் ஒண்ணு "யப்பா"ன்னுவான் இல்லன்னா "அவ்ளோதானா"ன்னுவான். அந்த கணக்கு எனக்கு எப்பவுமே இடிக்கும், ஏன்னா நம்ம ஊரு பாட்டில் 650 மில்லி, சிங்கப்பூர் டின்னு 330, ஜப்பான் டின்னு 350, ஜெர்மனில அர லிட்டரு, அதே ஜெர்மனில கொலோன்னு ஒரு ஊர்ல 200 மில்லி கிளாஸு, அதுக்குள்ள இருக்குற பெர்சென்ட் வேற ஆளுக்கு ஒண்ணு, கடையில வாங்குன விலையா பார்ல உக்காந்து குடிச்ச விலையான்னு இன்னொண்ணு.

அதனால நான் வேற கணக்கு ஒண்ணு வச்சிருக்கேன். பாட்டில்ல இருக்குற சுத்த ஆல்கஹால் எத்தன மில்லின்னு பாத்து, ஒரு மில்லிக்கு எவ்ளோ குடுக்குறோம்னு வகுத்துருவேன். கேவலமான கணக்குதான், டேஸ்ட்டுக்கு அதுல மார்க்கே கிடையாது. ஆனா இத போட்டு பாக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது, எந்த ஊர்ல எவன் எந்த பீர ஆசையா குடிக்கிறான்ங்கறதுல பாதி அந்த ஊரு வரிதான் முடிவு பண்ணுது. நாக்கு அப்புறம் பழகிக்கும்.

நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிப்போம். சாதா லாகர் பீர் பாட்டில் ஒண்ணு 160 ரூபா பக்கம், ஸ்ட்ராங்குன்னா அதுக்கு மேல பத்து இருபது ரூபா. லாகர் 5 பெர்சென்ட்னு வச்சா 650 மில்லில ஆல்கஹால் 32 மில்லி சொச்சம், ஆக மில்லிக்கு அஞ்சு ரூபா. ஸ்ட்ராங் 8 பெர்சென்ட், 52 மில்லி, மில்லிக்கு மூணர ரூபா. சரி இப்ப குவார்ட்டருக்கு வாங்க. 180 மில்லி, நம்ம ஊரு சரக்கு 42.8 பெர்சென்ட், கிட்டத்தட்ட 77 மில்லி ஆல்கஹால், இருக்குறதுலயே சீப்பான குவார்ட்டர் 140 ரூபா. மில்லிக்கு ரெண்டு ரூபா கூட வரல! அப்புறம் எவன் லாகர் குடிப்பான்? நாள் பூரா சென்ட்ரிங் வேலை பாத்துட்டு வர்றவரு கையில இருக்குற 200 ரூபாய்க்கு ஏறணும், ஏறி தூங்கணும், அவருகிட்ட போயி ஹாப்ஸ் பூ வாசன, மொளகட்டுன பார்லி மால்ட் வாசனன்னு பேச முடியுமா. இந்தியால விக்குற பீர்ல பெரும்பகுதி ஸ்ட்ராங்தான், அதுக்கு நம்மாளுக்கு டேஸ்ட் தெரியாதுன்னு சில பேரு நக்கல் பண்ணுவாங்க, அதுலாம் சும்மா. ஆல்கஹால் எவ்ளோ இருக்குன்னு பாத்து வரி போட்டா லாகருக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலை நல்லா தள்ளி நிக்கும், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது ஒரு டீ காசு. அப்ப கூட்டம் எந்த பக்கம் சாயும்னு சொல்லவா வேணும்.

இன்னொண்ணு, சரக்கு ஜிஎஸ்டிக்குள்ள வராது. ஒவ்வொரு மாநிலமும் அதது இஷ்டத்துக்கு ஆயத்தீர்வையும் வாட்டும் போட்டுக்கலாம். டாஸ்மாக் 1983லயே ஆரம்பிச்சாச்சு, அப்ப மொத்த வியாபாரம் மட்டும்தான், 2003 கடைசிலதான் சில்லறை விக்கிறதையும் கவர்மென்ட்டே எடுத்துக்குச்சு. 2024-25ல இதுலேர்ந்து வந்த வருமானம் மட்டும் 48 ஆயிரம் கோடிக்கு மேல. இந்த நம்பர ஞாபகம் வச்சுக்குங்க, ஜெர்மனி வரும்போது திரும்ப எடுக்குறேன்.

பாண்டிச்சேரி பத்தி நான் சொல்லி யாருக்கும் தெரியணும்னு இல்ல. கடலூர் தாண்டுனா போதும், விலை இறங்கும், பிராண்ட் ஏறும். இறங்கி குடிக்கலாம், பையில போட்டு திரும்ப கொண்டு வந்தாதான் கேஸு.

அடுத்து சிங்கப்பூரு. நான் மொதமொதல்ல வெளிநாட்டு விலை பாத்து நெஞ்சுல கை வச்சது அங்கதான். அங்க வரி போடுற முறை ரொம்ப நேர்மையானது, நேர்மையா கழுத்த அறுப்பாங்க. பீருக்கு ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி (அங்க டாலர அப்படித்தான் சொல்லுவாங்க) எக்ஸைஸ், விஸ்கி பிராந்தி மாதிரி ஐட்டத்துக்கு 88 வெள்ளி. 2014ல ஒரே அடியா இருபத்தஞ்சு பெர்சென்ட் ஏத்துனாங்க, அதுக்கு முன்னாடி 48, 70ன்னு இருந்துச்சு. இத வச்சு நீங்களே கணக்கு போடலாம், 330 மில்லி டின்னு, 5 பெர்சென்ட், பதினாறர மில்லி ஆல்கஹால், அதுக்கு வரி 99 காசு. டின்னு சூப்பர் மார்க்கெட்ல மூணு வெள்ளி பக்கம்னா அதுல ஒரு வெள்ளி கவர்மென்ட்டுக்கு, மேல ஜிஎஸ்டி வேற. 700 மில்லி விஸ்கி பாட்டில் எடுத்தா வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு, அதனாலதான் அங்க இருக்குறவன் எவனும் கடையில விஸ்கி வாங்க மாட்டான், ஊருக்கு போயிட்டு வர்றவன் தலையில கட்டுவான். ஜொகூர் போயி சீப்பா வாங்கிட்டு வரலாமேன்னு புதுசா வர்றவங்க ஐடியா சொல்லுவாங்க. மலேசியாலேர்ந்து உள்ள வந்தா ட்யூட்டி ஃப்ரீ சலுகையே கிடையாது தம்பி, ஒரு டின்னுக்கும் கட்டணும்.

ஆனா குடிக்கிற அனுபவம்னு பாத்தா கோப்பிக்கடைய அடிச்சுக்க ஆளில்ல. சாயங்காலம் ஃபேன் காத்துல, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா போதும், பீர் ஆன்ட்டி வந்துருவாங்க. போட்டிருக்குற பனியன்லயே அவங்க எந்த கம்பெனி பீருன்னு தெரியும், அந்த கம்பெனி ஆள விட்டுட்டு வேற பிராண்ட் கேட்டா மூஞ்ச ஒரு மாதிரி வச்சுக்கிட்டு பக்கத்து ஆன்ட்டிய கூப்புடுவாங்க. பெரிய டைகர் பாட்டில் வரும், கூடவே ஒரு வாளி ஐஸு, இடுக்கில ஐஸ எடுத்து மக்ல போட்டு, மக்க சாய்ச்சு பிடிச்சு, நுர ரெண்டு விரலுக்கு மேல வராம ஊத்துவாங்க. பீர்ல ஐஸான்னு ஜெர்மன்காரன்கிட்ட சொன்னா அழுதுருவான். அந்த வேக்காட்டுல, சம்பால் ஸ்டிங்ரே ஒரு தட்டு முன்னாடி இருக்கும்போது, ஐஸ் போட்ட டைகர்தான் சரி. காலி பாட்டில மேசையிலயே விட்டு வச்சிருப்பாங்க, கடைசில அத எண்ணிதான் பில்லு. பாட்டில் ஏழெட்டு வெள்ளி.

ஏழெட்டு வெள்ளின்னு ஈசியா எழுதிட்டேன். நம்ம ஊர்லேர்ந்து கட்டட வேலைக்கும் ஷிப்யார்டுக்கும் போயிருக்குற நிறைய பேருக்கு பேசிக் ஒரு நாளைக்கு 20 வெள்ளி பக்கம்தான், ஓவர்டைம் பாத்துதான் மேல வரும். அவருக்கு ஒரு கோப்பிக்கடை பாட்டில்ங்கறது ஒரு நாள் கூலில மூணுல ஒரு பங்குக்கு மேல. அதனால ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியால தேக்கா பக்கம் போனீங்கன்னா கையில இருக்குறது டைகரா இருக்காது, 8.8 பெர்சென்ட் பேரன்ஸ் மாதிரி ஸ்ட்ராங் டின்னுதான். அந்த ஊரு வரி ஆல்கஹாலுக்கு ஏத்த மாதிரி ஏறும், அதனால ஸ்ட்ராங்குல நம்ம ஊரு அளவுக்கு லாபம் கிடையாது, இருந்தாலும் டின்னு, கம்பெனி, கடைக்காரன் லாபம் எல்லாம் ஒரு தடவதான வருது. 2013 டிசம்பர்ல லிட்டில் இந்தியால நடந்த கலவரத்துக்கு அப்புறம் 2015ல சட்டம் வந்துச்சு, ராத்திரி பத்தரைக்கு மேல காலைல ஏழு வரைக்கும் பொது இடத்துல குடிக்கக்கூடாது, நாடு பூரா. லிட்டில் இந்தியாலயும் கேலாங்லயும் மட்டும் எக்ஸ்ட்ரா, சனிக்கிழமை காலைல ஏழுலேர்ந்து திங்கக்கிழமை காலைல ஏழு வரைக்கும் பொது இடத்துல தொடவே கூடாது. அந்த ஆளுங்களுக்கு லீவு இருக்குறதே அந்த ஞாயித்துக்கிழமைதான். கோப்பிக்கடைல உக்காரலாம், உக்காந்தா ஏழெட்டு வெள்ளி. யாருக்கு எது எட்டும் எது எட்டாதுன்னு விலையே பிரிச்சு வச்சிருது.

டைகர் 1932லேர்ந்து வருது. நம்ம கிங்ஃபிஷர்ல பாதிக்கு மேல பங்கும் இப்ப ஹைனெகன் கையில, டைகரும் அவங்களோடதுதான், அதனால ரெண்டு ஃபேன்ஸ் சங்கமும் சண்ட போடுறதுல அர்த்தமே இல்ல.

அப்புறம் ஜெர்மனி வந்தேன். மொத வாரம் சூப்பர் மார்க்கெட்ல விலை பலகைய பாத்துட்டு, இது டெபாசிட் விலையா இருக்கும், உண்மையான விலை வேற எங்கயாவது ஒட்டியிருப்பான்னு சுத்தி சுத்தி தேடுனேன். அர லிட்டர் பாட்டில் ஒரு யூரோ. ஓரளவு நல்ல பிராண்டே ஒரு யூரோ, ஆஃபர்ல அதுக்கும் கீழ, ஒட்டிங்கர் மாதிரி சீப் ஐட்டம்னா இன்னும் கீழ. யூரோவ நூறு ரூபான்னு வச்சுக்குங்க, 25 மில்லி ஆல்கஹாலுக்கு நூறு ரூபா, மில்லிக்கு நாலு ரூபா. நம்ம ஊரு லாகர் மில்லிக்கு அஞ்சு ரூபான்னு மேல போட்டோம்ல? மணிக்கு 12 யூரோ 82 சென்ட் குறைஞ்சபட்ச கூலியா 2025ல வாங்கின ஊர்ல பீரு நம்ம ஊர விட சீப்பு. ஒரு மணி நேரம் தட்டு கழுவுனா பன்னெண்டு பாட்டில் வாங்கலாம். நம்ம ஊர்ல சித்தாள் வேல பாக்குறவரு நாள் பூரா கல்லு தூக்கி வாங்குற கூலில நாலஞ்சு பாட்டில்.

எப்படி கட்டுபடியாகுதுன்னு பாத்தா வரிதான். அங்க பீர் வரி ஆல்கஹாலுக்கு கிடையாது, புளிக்க வைக்கிறதுக்கு முன்னாடி அந்த தண்ணில மால்ட் சத்து எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு பிளாட்டோன்னு ஒரு டிகிரில அளக்குறாங்க, நூறு லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 78.7 சென்ட். சாதாரண பீரு 12 டிகிரி வரும், அப்ப நூறு லிட்டருக்கு ஒம்போதர யூரோ, அர லிட்டருக்கு 4.7 சென்ட். அவ்ளோதான்! மேல 19 பெர்சென்ட் வாட் உண்டு, அது பெரும்பாலான சாமானுக்கும் உண்டு. இதுல காமெடி என்னன்னா அந்த கண்ணாடி பாட்டிலுக்கு டெபாசிட் 8 சென்ட். காலி பாட்டிலுக்கு இருக்குற மரியாத உள்ள இருக்குற பீரோட வரிக்கு இல்ல. நாடு பூரா சேத்து வருஷத்துக்கு பீர் வரி 60 கோடி யூரோ பக்கம் வருது, நம்ம காசுல ஆறாயிரம் கோடி. மேல ஞாபகம் வச்சுக்க சொன்ன 48 ஆயிரம் கோடிய எடுங்க, எட்டு கோடி ஜனம் இருக்குற நம்ம மாநிலம் எட்டு கோடி சொச்சம் ஜனம் இருக்குற ஜெர்மனிய விட எட்டு மடங்கு வசூல் பண்ணுது. நம்ம கணக்குல பிராந்தி விஸ்கி எல்லாம் சேரும், அங்க பீர் மட்டும், நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுன்னு வச்சுக்குங்க, அப்படியே கழிச்சாலும் மலை மலைதான். நம்ம கஜானாவால இத விட முடியாதுன்னு இதுலயே தெரியுது, பூரண மதுவிலக்குன்னு தேர்தலுக்கு தேர்தல் பேசுறவங்க இந்த ஓட்டய எதவச்சு அடைப்பாங்கன்னு மட்டும் சொல்லவே மாட்டாங்க.

அந்த டெபாசிட் விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு. 20 பாட்டில் இருக்குற பிளாஸ்டிக் கிரேட்டு, அதுக்கு தனியா ஒன்றர யூரோ டெபாசிட், பாட்டிலுக்கு எட்டு எட்டு சென்ட், ஆக 3 யூரோ 10. குடிச்சு முடிச்சு கிரேட்ட அப்படியே தூக்கிட்டு போயி கடையில இருக்குற மெஷின்ல கீழ் பெல்ட்ல தள்ளுனா லைட் அடிச்சு எண்ணி உள்ள இழுத்துக்கும், தனி பாட்டில்னா மேல் ஓட்டையில படுக்க வைக்கணும், அது ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு எடுத்துக்கும், கடைசில பச்ச பட்டன அமுக்குனா சீட்டு வரும், கவுண்டர்ல குடுத்தா காசு. டின்னுக்கு 25 சென்ட். அதனால பார்க்ல குடிக்கிறவங்க பாட்டில குப்பத்தொட்டிக்குள்ள போட மாட்டாங்க, பக்கத்துல நிமித்தி வச்சுட்டு போவாங்க, எடுத்து விக்கிறவங்க கைய உள்ள விட்டு கிளற வேணாம்னு. நம்ம ஊர்லயும் 2022ல நீலகிரில ஆரம்பிச்சு, காலி பாட்டிலுக்கு பத்து ரூபா திருப்பி தர்ற திட்டம் வந்துச்சுல்ல, கோர்ட்டு தலையிட்டு வந்தது. காட்டுல யானை கால்ல குத்துதுன்னுதான் பேச்சே ஆரம்பிச்சுது. பத்து ரூபாவும் எட்டு சென்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், இந்த ஒரு விஷயத்துல நாம ஜெர்மனி லெவல்.

ஜெர்மனி பார்ல சட்டம் ஒண்ணு இருக்கு, மது விக்கிற எந்த ஹோட்டலா இருந்தாலும் மது இல்லாத பானம் ஒண்ணாவது இருக்குறதுலயே சீப்பான சரக்க விட விலை கூட இருக்கக்கூடாது, அதே அளவுக்கு. ஏன் இப்படி ஒரு சட்டம் தேவப்பட்டுச்சுன்னா, அங்க தண்ணி பாட்டில் பீர விட விலை கூட இருக்குறது சகஜம். தாகத்துக்கு தண்ணி கேட்டவன் பில்ல பாத்துட்டு பீருக்கு மாறுன ஆளு எனக்கு தெரிஞ்சு இருக்காங்க.

நான் இருக்குறது கொலோன் பக்கம். இங்க கோல்ஷ்ங்கிற பீர்தான் குடிக்கணும், பக்கத்து ஊரு டூஸல்டார்ஃப்ல ஆல்ட்டுன்னு கருப்பா ஒண்ணு குடிப்பாங்க, அதோட பேர இங்க சத்தமா சொல்லக்கூடாது, நம்ம ஊர்ல மதுர பிரியாணி திண்டுக்கல் பிரியாணி தகராறு மாதிரி. கோல்ஷ் வர்ற கிளாஸு ஒல்லியா நேரா 200 மில்லி. மொத தடவ பாத்துட்டு என்னடா இது லேப் டெஸ்ட்டுக்கு குடுக்குற டியூப் மாதிரி இருக்குன்னு தோணும். ஆனா அந்த ஊரு பார்ல சர்வருக்கு கோபஸ்னு பேரு, நீல ஏப்ரன் கட்டியிருப்பாரு, வட்டமா ஒரு தட்டுல ஓட்ட ஓட்டயா இருக்கும், அதுல கிளாஸ சொருகி தூக்கிட்டு சுத்திக்கிட்டே இருப்பாரு. உங்க கிளாஸு காலியானா கேக்கவே மாட்டாரு, புதுசு ஒண்ண வச்சுட்டு அட்டையில பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு போயிருவாரு. வேணாம்னா அட்டைய எடுத்து கிளாஸு மேல மூடணும், வாயால போதும்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டாரு. கிளாஸு ரெண்டர யூரோ பக்கம். சின்ன கிளாஸா இருக்குறதால கடைசி மடக்கு வரைக்கும் ஜில்லுன்னு இருக்கும், நம்ம 650 பாட்டில்ல கடைசி கால்வாசி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அட்டையில கோடு எத்தனைன்னு எண்ணும்போதுதான் வயித்துல புளி கரையும், பில்லு நம்ம சிங்கப்பூர் கோப்பிக்கடைய தொட்டுரும்.

அக்டோபர்ஃபெஸ்ட் போகணும்னு ஆசப்படுறவங்களுக்கு ஒரு வார்த்த. 2025ல ஒரு லிட்டர் மக் 14 யூரோ 50லேர்ந்து 15 யூரோ 80 வரைக்கும் போச்சு. ஒரு தடவ போலாம், ஃபோட்டோ எடுக்கலாம். அதே ம்யூனிக்ல அகுஸ்டீனர் பீர் கார்டன்ல மரத்தடில உக்காந்தா அத விட சீப்பு, சாப்பாடு வீட்லேர்ந்தே கட்டிட்டு போலாம், அங்க அது காலங்காலமா இருக்குற வழக்கம். நான் புளியோதரை கொண்டு போயி சாப்ட்டிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அகுஸ்டீனர் ஹெல்லஸ்தான் எனக்கு இப்ப உலகத்துலயே பிடிச்ச பீரு. விளம்பரம் கிடையாது, குட்ட பாட்டிலு, கசப்பு தூக்கலா இருக்காது, பின்னாடி லேசா ரொட்டி வாசனை, மூணாவது பாட்டில்லயும் திகட்டாது.

செக் நாட்டுக்கு தனியா ஒரு போஸ்ட் எழுதலாம், இங்க சுருக்கமா. தலைக்கு வருஷம் 120 லிட்டருக்கு மேல பீர் குடிக்கிற ஊரு, உலகத்துல இவங்களுக்கு மேல யாரும் கிடையாது. பில்ஸ்னர் அர்க்கெல் 1842ல பில்சன்ல மொதமொதல்ல காய்ச்சுனது, காய்ச்சுன ஆளு யோசஃப் க்ரோல், அவரு பவேரியாக்காரரு, இத ஜெர்மன்காரங்க மறக்காம சொல்லுவாங்க. நாம உலகம் பூரா மஞ்சளா பளபளன்னு லாகர்னு குடிக்கிறது எல்லாம் அதோட பேரன் பேத்திங்கதான். பிராக்ல டேங்க்லேர்ந்து நேரா புடிச்சு தர்ற அர லிட்டர் 60 கொருனா பக்கம், ரெண்டர யூரோ. கோல்ஷ் 200 மில்லிக்கு குடுத்த காசு. ம்லீகோன்னு ஒண்ணு கேட்டு பாருங்க, கிளாஸு முழுக்க நுர மட்டும் ஊத்தி தருவான், ஏமாத்துறான்னு சண்டைக்கு போயிராதீங்க, அது அப்படித்தான், பால் மாதிரி இனிப்பா இருக்கும், ஒரே மடக்குல குடிக்கணும்.

நார்வே. ஆஸ்லோ. இங்க என் கணக்கு கதறும். சூப்பர் மார்க்கெட்ல 4.7 பெர்சென்ட் வரைக்கும்தான் விக்கலாம், அதுக்கு மேலன்னா 1922லேர்ந்து இருக்குற வின்மொனோபோலேங்கிற கவர்மென்ட் கடைக்கு போகணும். ஆமாங்க, கவர்மென்ட் சரக்கு கடை நம்ம கண்டுபிடிப்பு இல்ல. ஆனா அந்த கடைக்குள்ள போனா லைப்ரரி மாதிரி இருக்கும், என்ன சாப்பாட்டுக்கு எந்த ஒயின்னு உக்காந்து சொல்லி தருவாங்க. சூப்பர் மார்க்கெட்லயும் வார நாள்ல ராத்திரி எட்டு மணி, சனிக்கிழமை ஆறு மணி, ஞாயித்துக்கிழமை கிடையவே கிடையாது. எட்டு அடிச்சதும் பீர் ஃப்ரிட்ஜ் மேல திரைய இழுத்து விட்டுருவாங்க, எட்டு ஒண்ணுக்கு நீங்க அழுதாலும் பில்லு போட மெஷின் ஒத்துக்காது. பீர் வரியே லிட்டருக்கு 20 குரோனருக்கு மேல, கடையில அர லிட்டர் டின்னு 35 குரோனர் பக்கம், நம்ம காசுல முன்னூறு ரூபா, மில்லிக்கு பன்னெண்டு பதிமூணு ரூபா. பார்ல நூறு குரோனர் இல்லாம கிளாஸ தொட முடியாது.

அதுக்கு அவங்க என்ன பண்றாங்கன்னா, நம்ம கடலூர் டெக்னிக்தான். நார்வேக்காரன் வார கடைசில கார எடுத்துட்டு பார்டர் தாண்டி ஸ்வீடன்ல ஸ்ட்ரம்ஸ்டாட் போயி வாங்குவான். ஸ்வீடன்ல என்ன கொள்ள மலிவா, அங்கயும் மூணர பெர்சென்ட்டுக்கு மேல கவர்மென்ட் கடைதான், சிஸ்டம்பொலாகெட்டுன்னு, சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கே ஷட்டர். அதனால ஸ்வீடன்காரன் டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் போவான். டென்மார்க்காரனும் ஜெர்மனிக்கு வருவான், புட்கார்டன்ல கப்பல் ஏறுற இடத்துலயே இவங்களுக்குன்னு மாடி மாடியா கடை, வேன்ல பீர் கேஸ அடுக்கிக்கிட்டு போறத பாத்தா கல்யாண வீட்டு பந்திக்கு சாமான் போற மாதிரி இருக்கும். ஜெர்மன்காரன் சும்மா இருக்கானா, கிழக்கு பக்கம் இருக்குறவன் செக் பார்டருக்கு போவான். அந்த பக்கம் ஃபின்லாந்துக்காரன் கப்பல் ஏறி டாலின் போவான், எஸ்டோனியால 2017ல வரிய ஏத்துனதும் எஸ்டோனியாக்காரன் லாட்வியா பார்டருக்கு ஓடுனான். செக் நாட்டுக்காரன் மட்டும்தான் எங்கயும் போகாம வீட்லயே உக்காந்து குடிக்கிறான்.

ஐஸ்லாந்து கதைய ஒரு வரில சொல்லிடுறேன், அங்க ஒயினும் சாராயமும் சட்டப்படி கிடைச்ச காலத்துலயும் பீருக்கு மட்டும் தடை இருந்துச்சு, 1989 மார்ச் 1 அன்னிக்குதான் எடுத்தாங்க. நமக்கு தலைகீழா தெரியுது, அந்த ஊருக்கு சரக்கு பழகிப்போச்சு, பீர்தான் பசங்கள கெடுக்கும்னு பயம்.

கடைசியா ஜப்பான், என் கணக்குக்கு ரொம்ப பிடிச்ச ஊரு. வரி எப்படி ஒரு பானத்தையே பெத்து போடும்னு பாக்கணும்னா அங்க போகணும். பீர் வரி மால்ட் எவ்ளோ போட்டிருக்காங்கங்கறத வச்சு. மால்ட் ஜாஸ்தி இருந்தா பீரு, 350 மில்லி டின்னுக்கு 77 யென் வரி இருந்துச்சு. கம்பெனிக்காரன் யோசிச்சான், மால்ட்ட கொறச்சு ஹாப்போஷுன்னு ஒண்ணு கொண்டு வந்தான், 1994ல சன்டோரி ஆரம்பிச்சுது. விலை கம்மி, ஜனம் அள்ளிக்கிச்சு. கவர்மென்ட் அதுக்கும் வரிய ஏத்துச்சு, 47 யென் ஆச்சு. விடுவானா, மால்ட்டே இல்லாம பட்டாணிலேர்ந்து புரதம் எடுத்து நுர வர வச்சு மூணாவது பீருன்னு ஒண்ண 2004 வாக்குல நாடு பூரா இறக்குனான், அதுக்கு வரி 28 யென். நம்ம சுண்டலுக்கு போடுற பட்டாணி அங்க பீரே ஆயிருச்சு! கவர்மென்ட் துரத்த, கம்பெனி ஓட, கடைசில கவர்மென்ட் சோந்து போயி, சரி எல்லாத்தையும் ஒரே விலைக்கு கொண்டு வர்றோம்னு படிப்படியா மாத்த ஆரம்பிச்சுது. பீர் வரி 2020ல 70, 2023ல 63.35ன்னு இறங்கிக்கிட்டே வந்துச்சு, மூணாவது பீரு வரி 37.8, 46.99ன்னு ஏறிக்கிட்டே வந்துச்சு, 2026 அக்டோபர்ல எல்லாம் 54.25ல வந்து ஒண்ணா நிக்கிற மாதிரி சட்டம்.

அந்த மூணாவது பீர நான் குடிச்சு பாத்தேன். சாப்பாடோட தொண்ட நனைக்க ஓகே, தனியா குடிச்சா சோடால பீர் பாட்டில கழுவி ஊத்துன மாதிரி ஒரு ஃபீலு. ஆனா என் வயசுல இருக்குற ஜப்பான் ஃப்ரெண்டு ஒருத்தரு காலேஜ் காலத்துலேர்ந்து அதத்தான் குடிச்சாராம், யெபிசு மாதிரி முழு மால்ட் பீரு குடுத்தா கனமா இருக்கு, வயித்த அடைக்குதுன்னாரு. எனக்கு நம்ம ஊரு பசங்க ஞாபகம்தான் வந்துச்சு, அகுஸ்டீனர ஊத்தி குடுத்தா ஒரு மடக்கு குடிச்சுட்டு "மச்சி இது ஏறாதுடா"ன்னு கிளாஸ தள்ளி வைப்பான். ஜப்பான்காரன் வயித்த அந்த ஊரு வரி பழக்கியிருக்கு, நம்மாளு நாக்க நம்ம ஊரு வரி பழக்கியிருக்கு. ஜப்பான்லயும் ஏறணும்ங்கறவனுக்கு வழி இருக்கு, 9 பெர்சென்ட் ஸ்ட்ராங் ஸீரோன்னு சூஹாய் டின்னு, சாராயத்துல சோடா கலந்தது, வரி 350 மில்லிக்கு 2026 அக்டோபர் வரைக்கும் 28 யென்தான், அதுக்கு அப்புறமும் 35. பீர விட ஆல்கஹால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வரி அதுல பாதி பக்கம். ராத்திரி பதினொரு மணி டோக்கியோ ட்ரெயின்ல டை கட்டிக்கிட்டு தூங்கிக்கிட்டு வர்ற ஆளுங்க பாதி பேரோட பையில அதான் இருக்கும்.

இத்தன ஊரு பீரு சொன்னதுக்கு அப்புறம் ஊர்லேர்ந்து வழக்கம் போல கேப்பாங்க, வரும்போது கொண்டு வாடான்னு. இந்தியாக்குள்ள ட்யூட்டி இல்லாம ஆளுக்கு ரெண்டு லிட்டர்தான், விஸ்கியா இருந்தாலும் பீரா இருந்தாலும் ரெண்டு லிட்டர். விஸ்கின்னா அதுல 800 மில்லி ஆல்கஹால், அகுஸ்டீனர்னா நாலு பாட்டில்ல கோட்டா முடிஞ்சுது, நூறு மில்லி. இந்த கணக்கு தெரியாத ஒரு ஃப்ரெண்டு கூட எனக்கு ஊர்ல கிடையாது, இது வரைக்கும் ஒருத்தனும் பீரு கேட்டதில்ல.